மளிகைச் சீட்டில் தெரியும் பிரஷர்

"எனக்குக் கோபமே வராதே டாக்டர், எனக்கு எப்படிக் கொதிப்பு?" என்று என் பெரியப்பா கேட்டதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்போம். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, "முதலில் போய் பிரஷர் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். பார்த்தால் 178/104. அதற்கு முந்தின நாள்கூட ஆள் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

தப்பு பெரியப்பாவிடம் இல்லை, அந்தச் சொல்லில் இருக்கிறது. இரத்தக் கொதிப்பு என்றதும் உலை பொங்குவதுபோல உள்ளே ஏதோ சூடேறுகிறது, அது கோபக்காரர்களுக்கு வருவது, வந்தால் உடம்புக்குத் தெரிந்துவிடும் என்று மனசு தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. ரத்தம் கொதிப்பதில்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பிடரி வலிக்கிறது, பிரஷர் ஏறியிருக்கும் என்று வருகிறவருக்கு அளவு சரியாக இருக்கலாம்; எனக்கு ஒன்றுமே இல்லை என்கிறவருக்கு 170 காட்டலாம். அளந்தால்தான் தெரியும், வேறு வழி கிடையாது.

அந்த இரண்டு எண்கள் என்ன? இதயம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். அடுத்த தள்ளலுக்கு முன் இதயம் விரிந்து நிரம்பும் நேரத்தில் மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்றால் பாதரசத்தை 120 மில்லிமீட்டருக்கும் 80 மில்லிமீட்டருக்கும் உயர்த்தி நிறுத்தும் அளவு அழுத்தம். கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து அளக்கும் முறை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சியிடமிருந்து வந்தது. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து ஓசையைக் கேட்டுக் கீழ் எண்ணையும் பிடித்தார். பாதரசக் கருவி இப்போது மறைந்துகொண்டே வருகிறது. பாதரச அளவு மட்டும் பேச்சில் நின்றுவிட்டது.

தோட்டத்து ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அழுத்தம் ஏற இரண்டு காரணம் இருக்கலாம். திருகைக் கூடுதலாகத் திறந்து தண்ணீர் அதிகமாக வரலாம். அல்லது நுனியை யாரோ கட்டைவிரலால் நெருக்கியிருக்கலாம். உடம்பிலும் அதேதான். குழாய்க்குள் ஓடும் நீரின் அளவு கூடினாலும் பிரஷர் ஏறும், சின்னக் குழாய்கள் இறுகினாலும் ஏறும். உப்பு முதலாவதைச் செய்கிறது. உடல் பருமன் இரண்டையும் செய்கிறது. வயது, பரம்பரை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் கூடவே உண்டு. அவற்றில் பலவற்றில் நம் கை ஓங்காது என்பதால் நம் கைக்கு எட்டுவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதற்கு முன் அளப்பது பற்றி. ஓய்வில், வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது உயர் ரத்த அழுத்தம் என்பதுதான் இங்கே பெரும்பாலும் பின்பற்றும் கணக்கு. அமெரிக்க இதய மருத்துவர்கள் 2017-இல் அந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் மாத்திரைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் இதில் சொல்லும் பழக்கங்களால் அதிகம் பலன் பெறப்போவது அவர்தான். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. பேருந்தில் நின்றபடி வந்து, டோக்கன் வாங்கி, பேர் கூப்பிட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்தவருக்கு எந்தக் கருவியும் நல்ல எண் காட்டாது. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிரஷர் ஏறுகிறவர்களும் உண்டு.

வீட்டில் அளப்பதானால் முழங்கைக்கு மேலே பட்டை சுற்றும் கருவி வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவியில் கையை வைக்கும் நிலை சற்று மாறினாலும் எண் மாறிவிடும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கால்மேல் கால் போட்டால் ஏறும். பேசினால் ஏறும். பட்டை இதய உயரத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் வைக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதல் எண்ணை யாரும் நம்புவதில்லை, இரண்டாவது பெரும்பாலும் நாலைந்து குறைவாகத்தான் வரும்.

சரி, உப்புக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சாப்பாட்டில் கூடுதலாகச் சேரும் உப்பில் உள்ள சோடியத்தை உடம்பு தனியே வைத்துக்கொள்ளாது, அதன் செறிவைச் சமப்படுத்தத் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். குழாயில் நீர் கூடுகிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளத்தான் பார்க்கும். சிலருக்கு அது மெதுவாக நடக்கும், வயதாக ஆக இன்னும் மெதுவாகும்.

மேலை நாடுகளில் உப்பின் பெரும்பங்கு பாக்கெட் உணவிலிருந்து வருகிறது. நம்மூரில் அது இன்னும் அடுப்படியிலிருந்துதான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். நாம் சாதத்தை உப்பில்லாமல் வடிக்கிறோம். அந்த உப்பில்லாத சாதம் முழுவதற்கும் சேர்த்துத்தான் குழம்பில் உப்புப் போடுகிறோம். குழம்பைத் தனியாக ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கரிக்கும். ஆகவே தட்டில் சாதம் எவ்வளவோ அவ்வளவு குழம்பு, குழம்பு எவ்வளவோ அவ்வளவு உப்பு. மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று மூன்று தரம் சாதம் விழுகிறது. ஒவ்வொரு தரமும் எடையைக் கூட்டும் மாவுச்சத்தும் பிரஷரைக் கூட்டும் உப்பும் கைகோத்து உள்ளே போகின்றன. தயிர்சாதத்துக்கு வரும்போது சாதத்தில் ஒரு சிட்டிகை உப்பு, பக்கத்தில் ஊறுகாய், ஊறுகாய் பிடிக்காவிட்டால் மோர்மிளகாய்.

அதனால் பிரஷருக்கு ஒரு பத்தியம், எடைக்கு ஒரு பத்தியம் என்று இரண்டு தனித்தனியாகத் தேவையில்லை. மூன்று தரத்தில் ஒரு தரத்தை எடுத்துவிட்டால் போதும். நான் எடுத்தது தயிர்சாதத்தை. அந்த இடத்தில் உப்பில்லாமல் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட நீர்மோர் ஒரு டம்ளர். சாதம் குறைந்த இடத்தில் பொரியலும் கூட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். பசி தாங்காது என்று பயந்தேன். தாங்கியது, மூன்றரை மணித் தூக்கம்தான் காணாமல் போனது.

உங்கள் வீட்டில் எவ்வளவு உப்பு செலவாகிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் எதுவும் வேண்டாம். புது உப்புப் பாக்கெட் பிரிக்கும் நாளில் டப்பா மூடியில் தேதியை எழுதி வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் முறை எழுதிப் பார்த்தபோது 24 நாளில் தீர்ந்துவிட்டது. ஆளுக்குப் பத்து கிராமுக்கு மேல். மீன் கழுவியது, காய் அலசியது எனக் கொஞ்சம் தண்ணீரோடு போயிருக்கும். ஆனால் கடையில் தின்ற போண்டாவும் மிக்சரும் இந்தக் கணக்கில் வரவே இல்லையே.

எண்ணெய்க்கும் இதே வித்தை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நம்மூர் டாக்டர்கள் சொல்லும் தோராயக் கணக்கு, நாலு பேருக்கு இரண்டு லிட்டர். மளிகைச் சீட்டில் ஐந்து லிட்டர் கேன் எழுதியிருந்தால் அந்த மூன்று லிட்டர் எங்கே போனது என்று யாராவது ஒருவர் தன் இடுப்பைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. கடலை எண்ணெயா நல்லெண்ணெயா, செக்கா ரீஃபைண்டா என்ற சண்டையில் இந்த எண் மட்டும் மாறாது.

உப்பைக் குறைப்பதில் சமையல்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் உண்டு. புளிப்புக்கு ஏற்றபடிதான் உப்புக் கேட்கும். நெல்லிக்காயளவு புளியில் வைத்த குழம்பு கேட்கிற உப்பை, சுண்டைக்காயளவு புளியில் வைத்தது கேட்காது. புளியைக் குறைத்தால் உப்பு தானாகக் குறையும். யாரும் சப்பென்று இருக்கிறது என்று தட்டைத் தள்ள மாட்டார்கள். மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சை ருசிக்குக் கைகொடுக்கும். ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம் வரும். வாரம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடுகிறது. பிறகு பழைய அளவில் சமைத்த கல்யாணச் சாப்பாடே கரிக்கும்.

ஊறுகாய் கெடாமல் இருப்பதே உப்பால்தான். கருவாடு, வத்தல், அப்பளம் எல்லாம் அதே குடும்பம். கரிக்காத சோடியமும் உண்டு: அப்பளக்காரம், வடை போண்டாவில் விழும் சோடா உப்பு, அஜினோமோட்டோ, ரொட்டி, பிஸ்கட். இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. இந்துப்போ கல்லுப்போ, பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். இந்துப்புக்கு நிறம் இளஞ்சிவப்பு, விலை அதிகம். போதாக்குறைக்கு அதில் பெரும்பாலும் அயோடினும் சேர்ப்பதில்லை.

சோடியத்துக்கு எதிர்ப்பக்கம் இழுப்பது பொட்டாசியம். கீரை, வாழைப்பழம், வாழைத்தண்டு, இளநீர், பருப்பு, பயறு, தக்காளி எல்லாவற்றிலும் இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த டாஷ் என்ற ஆய்வை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் 459 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்குப் பழம், காய், கொழுப்புக் குறைந்த பால் பொருட்கள் நிறையக் கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கவில்லை, எடையையும் குறைய விடவில்லை. அப்படியும் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சுமார் 11 இறங்கியது, அதுவும் இரண்டே வாரத்தில் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்குச் சமம். நம் பாஷையில் சொன்னால் கீரைக் கூட்டு, பொரியல், சுண்டல், மோர், சாப்பாட்டுக்குப் பின் வாழைப்பழம். புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டாம். இலையில் ஓரமாகக் கிடப்பதை நடுவுக்கு நகர்த்தினால் போதும்.

கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று கிடைக்கிறது. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சீனாவின் 600 கிராமங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், 2021-இல் முடிவு வந்தது, இந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொட வேண்டாம். இளநீரை நாள்தோறும் குடிப்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

எடை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் நாலு பேர் அளவுக்கு மீறிய எடையில் இருந்தார்கள். ஆண்கள் அதற்குச் சற்றுக் குறைவு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. சிறுநீரகத்தை நெருக்குகிறது, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் சுரப்புகளைத் தூண்டுகிறது, நரம்புகளை எப்போதும் முறுக்கில் வைத்திருக்கிறது. குழாயில் நீரும் கூடுகிறது, நுனியும் இறுகுகிறது.

மெலிந்த கைகாலும் முன்தள்ளிய வயிறும் நம்மவர்களின் அடையாளம் என்பதால் எடைக் கருவியைவிட இஞ்ச் டேப் உண்மை பேசும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் பேன்ட் நிற்கும் இடத்தில் அளந்துவிட்டு "இன்னும் 34 தான்" என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. உயரத்தை வைத்துப் பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் இந்தியர்களுக்கு 23-லேயே மஞ்சள் விளக்கு, 25-இல் சிவப்பு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது முறையே 62 அரை கிலோவும் 68 கிலோவும்.

ஒரு கிலோ குறைந்தால் பிரஷர் சுமார் ஒரு புள்ளி இறங்கும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. அதனால் கல்லூரிக் காலத்து எடைக்குப் போக வேண்டும் என்று மலைக்காதீர்கள். 80 கிலோ ஆள் 75-க்கு வந்தாலே எண்ணில் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேகம் வேண்டாம். ஒரே வாரத்தில் நாலு கிலோ என்று விளம்பரம் செய்பவர்கள் குறைப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர், அடுத்த வாரம் திரும்பி வந்துவிடும். நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதிலேயே 120 கலோரி. அதை மட்டும் விட்டால் கணக்குப்படி மாதம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரைய வேண்டும். உடம்பு கணக்குப் புத்தகம் பார்த்து நடக்காதுதான், ஆனாலும் திசை அதுதான்.

நடை எடையைக் குறைக்க உதவுவதைவிடப் பிரஷரைக் குறைக்க அதிகம் உதவுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி. வேகம் எவ்வளவு? கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் சில புள்ளிகள் இறங்கும். ஆனால் அரை மணி நடையில் எரிவது நூற்றைம்பது கலோரிக்குள்தான். எங்கள் பூங்கா வாசலில் வடைக் கடை ஒன்று காலை ஆறரைக்கே திறந்துவிடும். நடந்து முடித்தவர்கள் அங்கே நின்று நாலு சுற்று நடந்த கதையைப் பேசியபடி இரண்டு மெதுவடையில் அதைத் திருப்பிச் சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

குடி பிரஷரை ஏற்றும். புகை, பிரஷரோடு சேர்ந்தால் மாரடைப்புக்கு நேர் வழி. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதவை இரண்டு உண்டு. ஒன்று, குறட்டை. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறவருக்கு அதுவே பிரஷருக்குக் காரணமாக இருக்கலாம். வீட்டில் சிரிப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று, மருந்து என்று நாமே எடுத்துக்கொள்பவை. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் பலவும் பிரஷரை ஏற்றும். தொண்டைக் கரகரப்புக்கு நல்லது என்று நாள்தோறும் அதிமதுரம் மெல்லுகிறவர்களுக்கும் ஏறும். அது சோடியத்தைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். நாட்டு மருந்து என்பதால் கெடுதல் செய்யாது என்று யாரும் அதற்கு எழுதிக் கொடுக்கவில்லை.

மாத்திரை தொடங்கியவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். "நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்பதுதான் நான் அதிகம் கேட்கிற வாக்கியம். நார்மல் ஆனதே மாத்திரையால். எடையும் உப்பும் இறங்கி எண் தாழ்ந்துகொண்டே வந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார், சிலருக்கு நிறுத்தவும் செய்வார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்; எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்ளல் என எது இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சாறு கொடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாமல் எண் மட்டும் காட்டினால், சற்று நேரம் உட்கார்ந்து திரும்ப அளந்து, அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

எங்கள் வீட்டு உப்பு டப்பா மூடியில் இப்போது ஐந்து தேதிகள் இருக்கின்றன. 24 நாள், 29 நாள், 33 நாள், 37 நாள். ஐந்தாவது பாக்கெட் பிரித்து இன்றோடு 31 நாள். டப்பாவின் அடியில் இன்னும் மூன்று விரற்கடை உப்பு கிடக்கிறது. ஐம்பதைத் தொடாது. ஆடியில் கருவாட்டுக் குழம்பு வைத்த கணக்கு அதில் இருக்கிறது.